நண்டு வளை

ஜெல்ஃபோம் என்றொரு பொருள் இருக்கிறது. ஜெலட்டினால் ஆன வெள்ளை நுரைத் தகடு. பார்க்கத் தெர்மோகோல் துண்டு மாதிரி இருக்கும். கையில் வைத்தால் எடையே தெரியாது. அதைக் கத்தரிக்கோலால் அரிசி நொய் அளவுக்கு நறுக்கி ஒரு சிரிஞ்சில் போட வேண்டும். எக்ஸ்ரேயில் தெரியும் சாய மருந்தை இன்னொரு சிரிஞ்சில் எடுத்து, இரண்டையும் த்ரீ-வே என்ற மூவழி இணைப்பில் மாட்டி, இங்கிருந்து அங்கும் அங்கிருந்து இங்குமாக இருபது முப்பது தடவை தள்ளினால் ரவைக் கஞ்சிப் பதம் வரும். இரவு ஒன்றரை மணிக்கு இதைச் செய்துகொண்டிருப்பவனைப் பார்த்தால் யாருக்கும் சமையற்காரன் நினைப்புத்தான் வரும். இந்தக் கஞ்சி இரண்டு மூன்று மில்லி சரியான குழாயில் போய்ச் சேர்ந்தால் வயிற்றுக்குள் கொட்டும் ரத்தம் நிற்கும். பக்கத்துக் குழாயில் போனால், நன்றாக இருக்கும் உறுப்பு ஒன்று சாகும்.

இருபது வருடங்களாக என் தொழில் இது. புற்றுநோய்க் கட்டி உள்ளுக்குள் ரத்தம் கக்கும்போது, வயிற்றைத் திறக்காமல், தொடை இடுக்கில் ஒரு சிறு துளை போட்டு உள்ளே போய், கசியும் தமனியை அடைத்துவிட்டு வருவது. மருத்துவத்தில் இதற்கு எம்போலைசேஷன் என்று பெயர். நோயாளியின் வீட்டுக்காரர்கள் எப்போதும் ஒரே கேள்விதான் கேட்பார்கள்: "சார், நீங்க ஆபரேஷன் பண்ற டாக்டரா, ஸ்கேன் பாக்குற டாக்டரா?" இரண்டிலும் பாதி என்பேன். பாதி டாக்டரிடமா ஒப்படைக்கிறோம் என்ற கவலை அவர்கள் முகத்தில் ஓடும். குற்றம் சொல்ல முடியாது.

அன்று வந்தவருக்கு 58 வயது. டெம்போ ஓட்டுகிறவர். சாயங்காலம் மூட்டை இறக்கும்போது வலது விலாவுக்குக் கீழே சுருக்கென்று பிடித்திருக்கிறது. "கேஸ்தான்னு சொல்லி சோடா வாங்கிக் குடிச்சாரு சார்" என்றார் அவர் மனைவி. பத்து மணிக்கு வியர்த்துக் கொட்டி, கண் இருட்டி விழுந்திருக்கிறார். 108இல் வந்து சேர்ந்தபோது பிரஷர் 80. நாடி நிமிடத்துக்கு 130. சி.டி.யில் கல்லீரலின் வலப்பக்க விளிம்பில் ஒரு பெரிய கட்டி. மேல்தோல் கிழிந்து, சுற்றிலும் ரத்தம் தேங்கியிருந்தது. ஹெபடைடிஸ் பி கிருமி அவர் உடம்பில் எத்தனை வருடமாகக் குடியிருந்ததோ, அவருக்குத் தெரியாது. அவருக்குக் கல்லீரலில் புற்றுநோய் இருக்கிறது, அது இப்போது வெடித்திருக்கிறது என்ற இரண்டு செய்தியையும் ஒரே மூச்சில் சொல்ல வேண்டியிருந்தது. அந்த அம்மா இரண்டாவதை மட்டும்தான் காதில் வாங்கினார். அந்த நேரத்துக்கு அது போதும்.

அறுவைசிகிச்சை மருத்துவர் ஏன் வயிற்றைத் திறந்து தைக்கக் கூடாது என்று கேட்கலாம். புற்றுநோய்க் கட்டி தனக்கு வேண்டிய ரத்தக் குழாய்களைத் தானே முளைக்கவைத்துக்கொள்கிறது. அவசரத்தில் கட்டிய வீடு மாதிரி, சுவர் மெலிந்து, வளைந்து நெளிந்து, எங்கும் ஓட்டை. அதில் ஊசி ஏற்றுவது நனைந்த அப்பளத்தில் தையல் போடுவது போல. போடப் போடக் கிழியும். போதாததற்கு, கீமோ வாங்கிய உடம்பில் தட்டணுக்கள் குறைந்திருக்கும். கல்லீரல் கெட்ட உடம்பில் ரத்தம் உறைய மறுக்கும். அந்த உடம்பு பெரிய அறுவையைத் தாங்காது.

இந்த வேலை நடக்கும் கேத் லேபுக்குப் போகுமுன் நான் பார்க்கிற முதல் சங்கதி கட்டி இல்லை, போர்ட்டல் சிரை. கல்லீரல் இரண்டு வாய்க்காலில் பாயும் வயல். அதற்குப் போகும் ரத்தத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு குடலிலிருந்து வரும் போர்ட்டல் சிரை வழியாகவும், கால் பங்கு தமனி வழியாகவும் வருகிறது. ஆனால் அங்கே முளைக்கும் புற்று கிட்டத்தட்ட முழுக்கவும் தமனியில்தான் குடிக்கிறது. தமனியை அடைத்தால் களை வாடும். பயிர் மற்ற வாய்க்காலில் பிழைத்துக்கொள்ளும். எங்கள் தொழிலுக்கு இயற்கை கொடுத்த சலுகை இது. கட்டி ஏற்கெனவே போர்ட்டல் சிரைக்குள் வளர்ந்து அதை அடைத்திருந்தால் சலுகை போயிற்று. மிச்சமிருக்கும் ஒரே வாய்க்காலையும் அடைத்துவிட்டு, ரத்தம் நின்றது என்று மார்தட்டினால், நான்கு நாளில் கல்லீரல் செயலிழந்து நோயாளி போய்விடுவார். டெம்போ ஓட்டுநருக்குச் சிரை திறந்திருந்தது. கல்லீரலின் நிலையைக் காட்டும் பிலிருபினும் அதிகமில்லை. போகலாம் என்றேன்.

அதிர்ச்சியில் இருக்கும் உடம்பில் தொடை இடுக்கின் நாடி நூல் போல ஓடும். விரலை அழுத்தினால் காணாமல் போகும், லேசாக வைத்தால் இருப்பதாகத் தோன்றும். இப்போது அல்ட்ராசவுண்டு வைத்துப் பார்த்துக் குத்துகிறோம். நான் கற்ற காலத்தில் விரல்தான் கண். மரத்துப்போகும் ஊசி மட்டும் போடுவதால் நோயாளி விழித்தேதான் இருப்பார். அவரும் விழித்திருந்தார். ஒரே ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்: "தண்ணி." ரத்தம் போகிறவர்களுக்கு அப்படித்தான் தாகம் எடுக்கும். சிஸ்டர் பஞ்சை நனைத்து உதட்டில் வைத்தார். "இன்னும் கொஞ்ச நேரம்ணே" என்றார்.

ஊசி உள்ளே போய் ரத்தம் பீறிட்டதும் அதன் வழியாக ஒரு கம்பி. கம்பி உள்ளே நிற்க ஊசியை உருவிவிட்டு, கம்பியின்மேல் குழாயை ஏற்றுவது. 1953இல் சுவீடனின் ஸ்வென்-ஐவர் செல்டிங்கர் இதை எழுதி வெளியிட்டார். இன்று உலகத்தில் எந்த மூலையில் யாருடைய தமனிக்குள் யார் போனாலும் அந்த மூன்று அசைவில்தான் போகிறார்கள். 1972இல் அமெரிக்காவின் போர்ட்லாண்டில் யோசஃப் ரோஷும் சார்லஸ் டாட்டரும், இரைப்பையிலிருந்து ரத்தம் கொட்டிய நோயாளிக்கு இந்த வழியில் போய்க் கசிந்த தமனியை அடைத்ததை எழுதி வெளியிட்டார்கள். அடைக்கப் பயன்பட்டது நோயாளியின் சொந்த ரத்தக்கட்டியே. அதற்கு முன்பு அந்தக் குழாயெல்லாம் பெரும்பாலும் படம் எடுக்கத்தான்.

குழாயின் அளவை ஃபிரெஞ்ச் என்று சொல்வோம். ஒரு ஃபிரெஞ்ச் என்பது மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. பெருந்தமனியில் போவது ஐந்து ஃபிரெஞ்ச். அதன் உள்ளே, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த பருமனில் மைக்ரோ கதீட்டர். திரையில் பார்த்துக்கொண்டு, கம்பியின் வெளிமுனையை இரண்டு விரலால் உருட்டினால் அரை மீட்டருக்கு அப்பால் வளைந்த நுனி திரும்பும். திரும்புவதற்கும் தள்ளுவதற்கும் இடையில் ஒரு பொறுமை இருக்கிறது. அதைத்தான் கற்றுக்கொடுக்கவே முடிவதில்லை. குழாய் முட்டினால் இளையவர்கள் தள்ளுவார்கள். முட்டினால் கொஞ்சம் பின்னால் எடு என்பதைக் கற்க எனக்கு ஐந்து வருடம் ஆயிற்று.

வெடித்த கல்லீரல் கட்டியில் சாய மருந்து வெளியே வடிவது பெரும்பாலும் படத்தில் தெரியாது. ரத்தக் கசிவு விட்டுவிட்டு நடக்கும். நாம் படமெடுக்கும் நொடியில் அது ஓய்ந்திருக்கலாம். எனவே ஓட்டையைத் தேடிக்கொண்டிருக்காமல், கட்டிக்குப் போகும் கிளைகளைத் தேட வேண்டும். அவருக்கு இரண்டு கிளைகள். ஒவ்வொன்றிலும் நுழைந்து அந்தக் கஞ்சியைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். முதலில் ரத்தவோட்டம் அதை இழுத்துக்கொண்டு ஓடும். பிறகு தயங்கும். பிறகு சாயம் போன இடத்திலேயே நிற்கும். அந்த நேரத்தில் கை இன்னும் அரை மில்லி தள்ளச் சொல்லும். தள்ளக் கூடாது. ஓட்டம் நின்ற குழாயில் மேலும் தள்ளினால் அது பின்னோக்கி வழிந்து நல்ல கிளைகளுக்குள் போகும். நான் கையை எடுத்தேன். பத்து நிமிடத்தில் மயக்க மருந்து மருத்துவர் மானிட்டரைப் பார்த்து, "பிரஷர் நிக்குது" என்றார்.

இந்த இடத்தில் என் அப்பாவைச் சொல்ல வேண்டும். தஞ்சாவூர்ப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் நிலம். முறை வைத்துத் தண்ணீர் விடும் காலத்தில் இராத்திரியில் மண்வெட்டியும் டார்ச்சுமாகத் தண்ணீர் கட்டப் போவார். நானும் சில நாள் கூடப் போவேன். மடையை வெட்டிவிடுவதும் அடைப்பதும் பெரிய வேலையாக எனக்குத் தெரியவில்லை. நாலு வெட்டு மண். ஆனால் அடைத்த பிறகும் அவர் வீட்டுக்குக் கிளம்ப மாட்டார். வரப்பில் குத்தவைத்து உட்கார்ந்து, எங்கேயாவது தண்ணீர் சலசலக்கிறதா என்று காது கொடுத்துக்கொண்டிருப்பார். வரப்புக்குள் நண்டு வளை இருக்கும். இந்தப் பக்கம் ஒரு வாய், அந்தப் பக்கம் ஒரு வாய். "ஒரு வாய மட்டும் மிதிச்சா அடைஞ்ச மாதிரி நடிக்கும்டா. நீ வீட்டுக்குப் போனதும் தெறந்துக்கும்" என்பார். களிமண்ணில் வைக்கோலைப் பிசைந்து இரண்டு வாயிலும் திணிப்பார். அதன் பிறகுதான் பீடி பற்றவைப்பார்.

கேன்சர் என்ற லத்தீன் சொல்லுக்கு நண்டு என்று பொருள் என்பதை மருத்துவக் கல்லூரியில் படித்தேன். வளைக்கு இரண்டு வாய் என்பதைப் படிப்பு முடித்து இரண்டாம் வருடம்தான் உண்மையில் கற்றேன்.

கணையத்தின் தலையில் புற்றுநோய் வந்து, அது சிறுகுடலின் தொடக்கத்தை அரித்து, ரத்தமாக வாந்தி எடுத்துக்கொண்டு வந்தார் ஒருவர். எண்டோஸ்கோபியில் நிறுத்த முடியவில்லை. கல்லீரல் தமனியிலிருந்து பிரிந்து கீழே இறங்கும் காஸ்ட்ரோடியோடினல் தமனியில் கசிவு தெரிந்தது. அதன் தொடக்கத்தில் மூன்று காயில் வைத்தேன். காயில் என்பது செயற்கை இழை கோத்த மெல்லிய பிளாட்டினச் சுருள். 1975இல் கியான்டூர்கோ முதலில் செய்தபோது எஃகுக் கம்பியில் கம்பளி நூலைக் கோத்திருந்தார். படம் எடுத்துப் பார்த்தேன். சுத்தம். ஒரு சொட்டு கசிவில்லை. கையைக் கழுவிக்கொண்டு டீ குடிக்கப் போனேன்.

ஆறு மணி நேரத்தில் மறுபடி ரத்த வாந்தி. இந்த முறை குடலுக்குப் போகும் பெரிய தமனியில் சாயம் விட்டுப் பார்த்தால், அங்கிருந்து கணையத்தைச் சுற்றி வளைந்து ஏறும் சிறு குழாய்கள் வழியாக அதே தமனி கீழிருந்து மேலாக நிரம்புகிறது. அதே ஓட்டையில் கசிகிறது. நான் முன்வாசலைப் பூட்டியிருந்தேன். கொல்லைப்புறம் திறந்து கிடந்தது. இதைவிட மோசம், நான் வைத்த காயிலே இப்போது எனக்கு வழிமறிப்பு. கொல்லைப்புற வழியாகவே அந்த ஊசிமுனைச் சந்துகளில் மூன்று மணி நேரம் திணறிப் போய் அடைத்தேன். அவர் பிழைத்தார். ஆனால் என் அவசரத்துக்கு அவர் கொடுத்த விலை நான்கு யூனிட் ரத்தம். அன்றிலிருந்து ஓட்டையைத் தாண்டிப் போய் அப்பாலிருந்து இப்பால் வரை அடைத்துக்கொண்டு வருகிறேன். முடித்த பிறகும் அக்கம்பக்கத்துத் தமனிகளில் சாயம் விட்டுப் பார்க்காமல், எக்ஸ்ரேயைத் தடுக்கும் ஈய உடுப்பைக் கழற்றுவதில்லை. ஐந்தாறு கிலோ எடை அது. இருந்தால் இருக்கட்டும்.

எதைக்கொண்டு அடைப்பது என்பது அடுத்த கணக்கு. காயில் ஒரு பந்தல்கால் மட்டுமே; கொடி படர வேண்டியது நோயாளியின் ரத்தம். ரத்தம் உறையாத உடம்பில் காயில் வைத்துவிட்டுக் காத்திருந்து பயனில்லை. அங்கே பசை வேண்டும். வீட்டில் அறுந்த செருப்பை ஒட்டும் ஃபெவிக்விக்கின் உறவுக்காரப் பசை அது. ரத்தம் பட்ட நொடியில் இறுகும். உப்புத் தண்ணீர் பட்டாலும் இறுகும் என்பதால் குழாயைக் குளுக்கோஸ் தண்ணீரால் கழுவிக்கொண்டுதான் உள்ளே விட வேண்டும். அது திரையில் தெரியவும் இறுகும் வேகம் மட்டுப்படவும் லிபியோடால் என்ற எண்ணெயைக் கலக்கிறோம். கசகசா எண்ணெயில் அயோடின் சேர்த்தது. விட்டதும் குழாயை வெடுக்கென்று உருவ வேண்டும். யோசித்தால் குழாயும் சேர்ந்து ஒட்டிக்கொள்ளும். துகள்களும் உண்டு; 300 முதல் 500 மைக்ரான் அளவுள்ளவை அதிகம் புழங்குகின்றன. துகள் சிறுக்கச் சிறுக்க ஆழமாகப் போகும். ஆழமாகப் போவது கட்டிக்கும் ஆபத்து, நல்ல திசுவுக்கும் ஆபத்து.

நாற்று நடவுக்குப் போகும் ஓர் அம்மா. ஐம்பதைத் தாண்டியவர். கருப்பை வாயில் புற்று. இரவில் சேலை நனைந்து, பாய் நனைந்து, தூக்கிக்கொண்டு வந்தார்கள். டியூட்டி டாக்டர் துணியை அடைத்து வைத்திருந்தும் நிற்கவில்லை. கருப்பைத் தமனிகள் இரண்டு. ஒன்றை அடைத்தால் மற்றது நடுக்கோட்டைத் தாண்டி வந்து ஊட்டும். ஆகவே இரண்டு பக்கமும் அடைக்க வேண்டும். அவை பிரியும் அதே இடுப்புத் தமனியிலிருந்துதான் பிட்டத்துக்கும் காலின் பெரிய நரம்புக்கும் கிளைகள் போகின்றன. பெரிய குழாயிலேயே நின்றுகொண்டு துகளைத் தூவினால் பத்து நிமிடத்தில் வேலை முடியும். பிறகு அந்த அம்மா வயலில் குனிய முடியாது. உள்ளே உள்ளே போய்க் கருப்பைக் கிளையை மட்டும் பிடிக்க ஒரு மணி நேரம் பிடித்தது.

அதற்கும் முன்னால் கதிர்வீச்சு மருத்துவர் போனில் சொன்னது ஒன்று: "ரொம்ப இறுக்கி அடைச்சிடாதீங்க. எனக்கு அங்க ஆக்சிஜன் வேணும்." கதிர்வீச்சு புற்றணுவை நன்றாகக் கொல்ல அந்தத் திசுவில் ஆக்சிஜன் இருக்க வேண்டும். நான் முழுக்கக் காயப்போட்டால் அவர் சிகிச்சை மந்தமாகும். ஆகவே ஜெல்ஃபோம். சில வாரங்களில் உடம்பே அதைக் கரைத்துவிடும். குழாய் மறுபடி திறக்கும். அதற்குள் கதிர்வீச்சு தன் வேலையைத் தொடங்கியிருக்கும். நிரந்தரமாக அடைப்பதுதான் சிறந்த அடைப்பு என்று நினைத்திருந்த காலம் எனக்கும் உண்டு. பக்கத்து வயல்காரனுக்கு விடிந்தால் முறை என்று தெரிந்து, மடையைத் தளர்வாகவே அணைத்துவைக்கும் அப்பாவை அப்போது எனக்குப் புரியவில்லை.

அடைக்காமலே திரும்பிய கதையும் ஒன்று சொல்ல வேண்டும். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். நுரையீரல் புற்று. இருமலில் தம்ளர் தம்ளராக ரத்தம். இந்த நோயாளிகள் ரத்தம் குறைந்து இறப்பதைவிட, மூச்சுக்குழாயில் ரத்தம் நிறைந்து மூச்சடைத்து இறப்பதே அதிகம். எந்தப் பக்க நுரையீரல் கசிகிறதோ அந்தப் பக்கம் கீழே இருக்கப் படுக்கவைத்தால் நல்ல நுரையீரலாவது காப்பாற்றப்படும். அப்படித்தான் கொண்டுவந்தார்கள். மூச்சுக்குழாய்த் தமனியை அடைத்து இதை நிறுத்தலாம் என்று பிரான்சின் ரெமி 1973இலேயே காட்டியிருக்கிறார்; எத்தனையோ பேருக்குச் செய்திருக்கிறோம். இவருக்குச் சாயம் விட்டதும், கசியும் கிளைக்கு அருகிலிருந்து ஒரு மயிரிழை நடுமுதுகுக்கு ஏறி, கொண்டை ஊசி வளைவாக வளைந்து, நேராகக் கீழே இறங்கியது. தண்டுவடத்துக்குப் போகும் தமனி. அதில் ஒரு துகள் போனால் இரண்டு காலும் போகும்.

அந்தக் கிளையைத் தாண்டி மைக்ரோ கதீட்டரைக் கொண்டுபோக நாற்பது நிமிடம் முயன்றேன். கொஞ்சம் போகும், கையை எடுத்தால் வழுக்கித் திரும்பும். கடைசியில் குழாயை வெளியே எடுத்தேன். வெளியே நின்ற மகனிடம் படத்தைக் காட்டிச் சொன்னேன். "நீங்க சரின்னு நினைக்கிறதச் செய்ங்க சார்" என்றார். மூன்றாம் நாள் இரவு மறுபடி ரத்தம் வந்து ஆசிரியர் இறந்துபோனார். அன்று பகல்வரை எழுந்து நடந்தார். இன்று அதே படம் வந்தாலும் அதே முடிவைத்தான் எடுப்பேன். ஆனால் அது சரியான முடிவு என்று அந்தப் பிள்ளையிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொல்லவும் இல்லை.

என் வேலை புற்றுநோயைக் குணப்படுத்துவதில்லை என்பதை இதற்குள் வாசகர் கண்டுகொண்டிருப்பார். அடைத்த மறுநாள் காய்ச்சலும் வலியும் வாந்தியும் வரும். ரத்தம் கிடைக்காமல் சாகும் கட்டி காட்டும் கோபம் அது. சில நாளில் தணியும். அதன் பிறகு நோய் தன் வழியே போகும், மருத்துவமும் தன் வழியே துரத்தும். நான் கொடுப்பது நடுவில் கொஞ்சம் அவகாசம். டெம்போ ஓட்டுநருக்கு அந்த அவகாசத்தில் கல்லீரல் அறுவைக்கு உடம்பைத் தேற்ற முடிந்தது. அறுவை முடிந்து அவர் கண்விழித்து முதலில் கேட்டதும் தண்ணீர்தான். இந்த முறை சிஸ்டர் தம்ளரில் கொடுத்தார்.

நடவு அம்மா ஐந்தாம் நாள் கதிர்வீச்சுக்குப் போனார். போகுமுன் வார்டில் பார்த்தேன். எப்போதிருந்து ரத்தம் படுகிறது என்று கேட்டேன். மாதவிலக்கு நின்று நாலு வருடம் கழித்து, போன தை மாதத்திலிருந்து அவ்வப்போது ஒரு சொட்டு என்றார். ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்றதற்கு, "வெயில்ல நிக்கிற உடம்பு, சூடுன்னு நெனச்சேன். மோர் குடிச்சேன். பையன்கிட்ட இத எப்படிச் சொல்றது?" என்றார். நாங்கள் பேசிக்கொண்டிருந்தது ஐப்பசியில்.

அப்பா இராத்திரி ஒரு தடவைதான் வளை அடைப்பார். பகலில் தினமும் வரப்பைச் சுற்றி வருவார். ஈரம் பட்ட இடத்தைக் காலால் மிதித்துப் பார்ப்பார். அந்தச் சுற்றுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மாதவிலக்கு நின்றபின் ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும், உறவுக்குப் பின் பட்டாலும், சளியில் சிவப்பு தெரிந்தாலும், சிறுநீரில் வலியில்லாமல் ரத்தம் போனாலும், மலம் தார் போலக் கறுத்தாலும், அது சூடு இல்லை, மூலம் என்று நீங்களாக முடிவுகட்ட வேண்டியதும் இல்லை. ஹெபடைடிஸ் பி இருக்கிறதா என்பதை ஒரு ரத்தப் பரிசோதனை சொல்லிவிடும். இல்லாதவர்களுக்குத் தடுப்பூசி இருக்கிறது. அம்மாவிடம் கேட்கப் பிள்ளைகள் கூச்சப்படாதீர்கள். சொல்ல அம்மாக்களும் கூச்சப்படாதீர்கள். இரவு ஒன்றரை மணிக்கு நான் இருப்பேன். ஆனாலும் பகலிலேயே வாருங்கள்.